நெட்டிக்குடி சபையில் நாலு இல்லாமல் போன கதை

உட்காருங்கள் ஆயரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு மூன்று கால்தான், பழகியவன்தான் அதில் உட்கார முடியும். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு ரமீஜாவிடம் டீ சொல்லியிருக்கிறேன். வரும்.

நீங்கள் வந்த காரியம் எனக்குத் தெரியும். நெட்டிக்குடியில் ஒருவர் தும்மினால் மூன்று தெரு தள்ளி 'ஆண்டவர் காப்பார்' என்று சொல்கிற ஊர் இது. வியாழக்கிழமை காலை நம் கோயிலில் கல்யாணம். தொர்க்காளின் பேத்தி ஷைனிக்கு. கல்யாணம் என்றால் கோயில் சுவரில் பாட்டு எண் மாட்டுகிற பலகையில் நூற்று நாற்பத்து நாலாம் பாட்டு ஏற வேண்டும். ஏற்றுவதற்கு நம் தகடுப் பெட்டியில் நாலு என்கிற எண்ணே கிடையாது. ஐம்பத்திரண்டு வருஷமாகக் கிடையாது. பலகையில் ஏறாத பாட்டைப் பாடக் கூடாது, அந்தப் பாட்டைப் பாடாமல் தாலி கட்டக் கூடாது, வேண்டுமானால் தென்பாதி லுத்தரன் கோயிலுக்குப் போய்க்கொள்ளுங்கள் என்று கமிட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் வெள்ளைத் திரை கட்டி அதில் பாட்டைக் காட்டலாம் என்றீர்களாம். 'திரை திரைதான், பலகை ஆகுமா' என்றார்களாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிலை அவர்களுக்குப் பழக்கியவனே நான்தான்.

உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நீங்கள் இந்தச் சபைக்குப் போதகராக வந்து மூன்று மாசம்தானே ஆகிறது. பழைய பலகைக்காரன் மாசிலாமணியைக் கேட்டால் நாலு எங்கே போச்சென்று தெரியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். யாரென்று நான் கேட்கவில்லை.

நாலைக் காக்கா கொண்டுபோய்விட்டது.

சிரிக்காதீர்கள். நாலு என்று மூன்று தகடு இருந்தது, மூன்றையும் கொண்டுபோனது. கமிட்டி நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நீங்கள் பார்க்கலாம். எழுதினது நான்தான், என்றாலும் கீழே கமிட்டி முழுக்கக் கையெழுத்து போட்டிருக்கிறது.

முதலில் அந்தப் பலகை எதற்கு வந்தது என்பதைக் கேளுங்கள். நம் சபையை ஆரம்பித்தவர் ஹிங்ஸ்டன் துரை. இப்போது நாம் எல்லாம் ஒரே தென்னிந்திய திருச்சபை, ஆனால் அப்போது சுத்த வெஸ்லியன் மெதடிஸ்ட். மெதடிஸ்ட் என்றால் எல்லாம் முறைப்படி. துரை குதிரை ஏறுவதற்குக்கூட ஒரு முறை வைத்திருந்தார், அதனால் குதிரை பாதி நாள் நின்றுகொண்டே இருக்கும் என்று என் தாத்தா சொல்வார். அவருடைய காலத்தில் சபையில் இரண்டு கட்சி. ஆண்கள் பக்கம் கீர்த்தனைக் கட்சி, மத்தளமும் ஜால்ராவும். பெண்கள் பக்கம் பாமாலைக் கட்சி, ஹார்மோனியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை 'பாடுவோம்' என்றார். எதை என்று சொல்ல மறந்துவிட்டார். இந்தப் பக்கம் ஒரு பாட்டு, அந்தப் பக்கம் ஒரு பாட்டு. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. காலை ஒன்பதரைக்குப் பிடித்தது சாயங்காலம் வரைக்கும் போனது. மத்தளம் கிழிந்தது, ஹார்மோனியத்தின் துருத்தி வெடித்தது, குளத்து மீனெல்லாம் அக்கரைக்கு ஒதுங்கியது. துரையின் குதிரை மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடி ரோமன் கத்தோலிக்கக் கோயிலில் போய் நின்றது. பிடித்துக்கொண்டு வரப் போனால் வர மாட்டேன் என்றது. கடைசிவரை அது கத்தோலிக்கமாகவே இருந்து செத்தது.

அந்தத் துக்கத்தில் துரை உட்கார்ந்து சட்டம் எழுதினார். பலகையில் ஏறாத பாட்டு சபையில் ஏறாது. வாயால் அறிவிக்கக் கூடாது, சுண்ணாம்பால் எழுதக் கூடாது. அடக்கத்துக்கு இன்ன பாட்டுகள், விவாகத்துக்கு நூற்று நாற்பத்து நாலு ஒன்றே, வேறு கூடாது. எழுதிவிட்டு, சீமையிலிருந்து வந்த பிஸ்கட் டின்னை வெட்டி எண் செய்தார். கறுப்புப் பூசி வெள்ளையில் எழுதினார். ஒவ்வொரு எண்ணிலும் மூன்று தகடு. அவர் இன்னும் ஒரு டின் பிஸ்கட் தின்றிருந்தால் நாலாவது நாலும் கிடைத்திருக்கும். அதற்குள் ஊருக்குப் போய்விட்டார்.

நூற்று நாற்பத்து நாலு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் போலீஸ் தடை உத்தரவு ஞாபகம் வரும். எங்களுக்கு அது கல்யாணம். இங்கே ஒரு பையனைப் பார்த்து 'உனக்கு எப்பப்பா நூத்தி நாப்பத்தி நாலு' என்று கேட்டால் வெட்கப்படுவான்.

இருபது வயசில் எனக்கு அந்தப் பெட்டி வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. சீசா, டப்பா, லேபிள் எல்லாம் சுத்தமாக வைத்திருக்கிறான், இவனிடமே இருக்கட்டும் என்று அப்போதைய போதகர், ஐயர் என்போம், கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்குப் போவேன். ஐயர் கொடுத்த சீட்டைப் பார்த்து ஏணி போட்டு எண்களைச் சொருகுவேன். அதே நேரத்துக்கு ஹார்மோனியம் வாசித்துப் பார்க்கத் தொர்க்காள் வருவாள். சபை ஸ்டூவர்ட் அருமைநாயகத்தின் மகள். ஸ்டூவர்ட் என்றால் அப்போது ஐயருக்கு அடுத்த அதிகாரம். ஐயர் மூன்று வருஷத்தில் மாறிப் போவார், ஸ்டூவர்ட் மாற மாட்டார்.

ஆறு வருஷம். ஒரு சனிக்கிழமை தப்பினது கிடையாது. 'என்னண்ணே இந்த வாரம்?' என்பாள். நான் சொல்ல மாட்டேன், சொருகிக் காட்டுவேன். அவள் படித்துவிட்டு வாசிப்பாள். நான் ஏணியிலேயே நிற்பேன். இறங்கினால் ஏணி கிறீச்சிடும், வாசிப்புக்கு இடைஞ்சல். அதற்காக நின்றேன். வேறு ஒன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை சீட்டில் இல்லாத எண்ணை ஏற்றினேன். ஒன்று, நாலு, நாலு. பலகையில் அது மட்டும்தான். ஏற்றிவிட்டு ஏணியில் நின்றேன். அவள் பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டு கேட்டாள்:

'யாருக்குண்ணே கல்யாணம்?'

'தெரியலையே. ஐயர் சீட்டில எழுதியிருந்தாரு.'

'சீட்டைக் காட்டுங்க பாப்போம்.'

'காத்துல பறந்துபோச்சு.'

'கதவெல்லாம் சாத்தியிருக்கேண்ணே.'

'நீ வாசி' என்றேன். 'வேண்டாம், இது வாசிக்கிற நாள்ல வாசிச்சுக்கலாம்' என்று புத்தகத்தை மூடிவிட்டாள். நான் மூன்று தகட்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டேன். இவ்வளவுதான் நடந்தது. இதற்கும் காக்காவுக்கும் சம்பந்தம் இல்லை. சபைச் சரித்திரம் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

அடுத்த மாசம் திருச்சியிலிருந்து எலியேசர் என்று ரயில்வேயில் புக்கிங் கிளார்க் ஒருவன் தொர்க்காளைப் பெண் பார்க்க வந்தான். நல்ல பையன் என்று சொல்கிறார்கள். தலையைப் படிய வாரியிருந்தான். எனக்கு அவன்மேல் ஒன்றும் கிடையாது, டிக்கெட் கொடுக்கிறவனுக்கு விரல் மட்டும் சுத்தமாக இருக்காது என்பது பொதுவாகச் சொல்கிற வார்த்தை. விவாக அறிக்கையை மூன்று ஞாயிறு வாசித்தார்கள். 'இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கக் கடவர்கள்' என்று ஐயர் கேட்பார் இல்லையா, மூன்று ஞாயிறும் சபை முழுக்க அமைதி. நானும் அமைதி. மூன்றாவது ஞாயிறு எனக்கு இருமல் வந்தது. ஐயர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'இருமல்தான் ஐயரே' என்றேன். கம்பவுண்டருக்கு இருமல் வரக் கூடாதா?

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெட்டியைத் துடைத்து, தகடுகளை ஜன்னலோரம் வெயிலில் காய வைத்தேன். அங்கேதான் காக்கா வந்தது. முப்பது தகடு காய்ந்தது. அதில் நாலை மட்டும், மூன்றையும், தேடி எடுத்துக்கொண்டு போனது. பிஸ்கட் தகரம் பளபளக்கும், காக்காவுக்குப் பிடிக்கும். ஆமாம், கறுப்பு பூசியிருந்தார்கள். பின்பக்கம் பளபளக்கும். எல்லாத் தகட்டுக்கும்தான் பின்பக்கம் உண்டு, சரி, குறுக்கே பேசாதீர்கள், மறந்துவிடும்.

அது என்ன நினைத்தது என்றால், நாலு இல்லாவிட்டால் பாட்டு ஏறாது. பாட்டு ஏறாவிட்டால் கல்யாணம் தள்ளிப் போகும். தள்ளிப் போனால் ரயில்வேக்காரனுக்கு லீவு முடிந்துவிடும், திருச்சிக்குப் போய்விடுவான். அங்கே அவனுக்கு வேறு இடம் அமையும். அப்புறம் சனிக்கிழமை, நாலரை மணி, எல்லாம் பழையபடி நடக்கும். இப்படித்தான் அந்தக் காக்கா நினைத்திருக்கும். பறவைதானே, அதற்கு மேலே அறிவு போகாது. அன்றைக்குப் பூரா அது ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தது.

மறுநாள் கோயில் நிறைந்த கூட்டம். வாழைமரம் கட்டி, முகப்பில் தோரணம். நான் ஸ்டூவர்ட் அருமைநாயகத்திடம் போய், 'நாலு இல்லைங்க' என்றேன்.

'நாலு என்ன?'

'நாலு நம்பருங்க. காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு.'

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய கஷ்டம் என்ன தெரியுமா? துரையின் சட்டத்தை அவரைப் போலக் கட்டிக் காத்தவர் கிடையாது. அதற்கு முந்தின வருஷம்தான், மெழுகுவர்த்தி பட்டு ஒரு ஏழுத் தகடு கருகிப்போய் ஒன்று மாதிரி தெரிந்ததற்காக, ஒரு ஞானஸ்நானத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்தார். பிள்ளை அதற்குள் தவழ ஆரம்பித்துவிட்டது. இப்போது தன் மகளுக்காகச் சட்டத்தை மீறினால் சபை விடுமா? கூட்டத்தில் இருந்தே ஒருவர் 'ஸ்டூவர்டு வீட்டுக்கு ஒரு சட்டமா?' என்று முனகினார். நான் இல்லை. என் குரல் மாதிரி இருந்தது என்று சிலர் சொன்னார்கள்.

வேதமாணிக்கம் வாத்தியார், கணக்கு வாத்தியார், ஒரு யோசனை சொன்னார். நாலுக்குப் பதில் இரண்டு இரண்டாகப் போட்டால் கூட்டினால் நாலுதானே என்று. அதற்குப் பலகையில் இடம் போதாது, இரண்டிலும் மூன்று தகடுதான் இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். பக்கத்துப் பாட்டை ஏற்றி ஒரு பக்கம் தள்ளிப் பாடச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். நூற்று நாற்பத்து மூன்றா, நூற்று நாற்பத்து ஐந்தா? அதிலும் நாலு வருகிறதே. அந்தப் பக்கம் முழுக்கவே நாலுதான். காக்கா யோசித்துத்தான் செய்திருக்கிறது.

பத்தரை மணிக்கு அருமைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டார். 'பஸ்ஸைக் கொண்டாங்க' என்றார். கல்யாணக் கூட்டம் பூரா, வாழைமரம் உட்பட, ஒரே பஸ்ஸில் ஏறி ஆறு மைல் தள்ளித் தென்பாதிக்குப் போனது. லுத்தரன்காரர்கள் கதவைத் திறந்து வைத்து, தண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரத்தில் கல்யாணத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்குப் பலகையும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஒரு முறை வேண்டாமா? காக்கா அதை மட்டும் எதிர்பார்க்கவில்லை.

பஸ் ஏறுவதற்கு முன்னால் தொர்க்காள் நேராக என்னிடம் வந்தாள். பட்டுச்சேலை, தலையில் வெள்ளை நெட். எல்லாரும் பார்க்கிறார்கள்.

'மாசிலாமணி அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?'

'கேளு.'

'காக்கா எண்ணு படிக்குமா?'

'இது கோயில் காக்கா' என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் நெட்டிக்குடிக்கு வந்ததெல்லாம் அப்பாவின் அடக்கத்துக்குத்தான். இரண்டு அடக்கத்துக்கும் வந்தாள்.

இரண்டுதான். அதையும் சொல்லிவிடுகிறேன். டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கூட இருக்கும், ரமீஜாவுக்குக் கை தாராளம்.

நாலு போனதும் நம் பாட்டுப் புத்தகத்தில் முந்நூறில் ஐம்பத்தேழு பாட்டு போய்விட்டது. வேதமாணிக்கம் வாத்தியார் எண்ணிச் சொன்னார். போகிறது என்று விட்டோம். டிசம்பர் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரைக்கும்தான் கிறிஸ்மஸ் பாட்டுகள். முப்பத்தொன்பது, ஆண்டவர் வரப்போகிறார் ஆயத்தமாகுங்கள் என்று. ஐம்பது, புதுவருஷம் பிறந்தது என்று. இடையில் ஒன்றும் கிடையாது. ஆகவே ஐம்பத்திரண்டு வருஷமாகக் கிறிஸ்மஸ் அன்றைக்கு நாம் வருவார், வருவார், வருவார் என்று பாடுகிறோம், அடுத்த பாட்டில் வருஷம் பிறந்துவிடுகிறது. அவர் மட்டும் நெட்டிக்குடியில் பிறக்கவே இல்லை. ஒரு தலைமுறைக்கே கிறிஸ்மஸ் என்றால் காத்திருப்பது என்று பழகிவிட்டது. அதுவும் ஒரு பக்திதான்.

அடக்கப் பாட்டு இருநூற்று நாற்பதுகளில். அதுவும் போச்சு. அதற்கு முந்தினது இருநூற்று முப்பத்தொன்பது, வியாதியஸ்தர் சுகம் பெற. பிந்தினது இருநூற்று ஐம்பது, கடல் பிரயாணிகளுக்கு. நான் சாதாரணமாக இருநூற்று ஐம்பதைத்தான் ஏற்றுவேன். அதனால் நம் ஊரில் செத்தவர்கள் எல்லாம் கப்பலில் போனவர்கள். ஆறு வற்றிய ஊரில் அத்தனை பேரையும் அலைக்குத் தப்புவிக்கச் சொல்லிப் பாடியிருக்கிறோம். ஒருவரும் மூழ்கினதாகத் தகவல் இல்லை.

ஸ்டூவர்ட் அருமைநாயகம் இறந்தபோது எனக்கு ஒரு யோசனை. பெரிய மனுஷர், அவரை எல்லாரையும் போலக் கப்பலேற்ற வேண்டாம் என்று இருநூற்று முப்பத்தொன்பதை ஏற்றினேன், சுகம் பெறுகிற பாட்டு. சபை ரொம்ப உருக்கமாகப் பாடியது. மூன்றாவது அடியில் அவர் சவப்பெட்டியில் எழுந்து உட்கார்ந்தார். சத்தியமாக ஆயரம்மா. மூக்கில் வைத்த பஞ்சை எடுத்துவிட்டு, சுற்றிலும் பார்த்து, பலகையைப் பார்த்து, என்னைப் பார்த்து, 'நாலு எங்கடா?' என்றார்.

சபை பயந்துபோய் அதை ஏதோ தரிசனம் என்று எடுத்துக்கொண்டது. ஐயர் 'நாலு எங்கே' என்று மூன்று வாரம் பிரசங்கம் செய்தார். நாலு சுவிசேஷம், நாலு திசை, லாசரு கல்லறையில் கிடந்த நாலு நாள். அருமைநாயகம் அதற்கு மேல் பதினோரு வருஷம் இருந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் கண்டால் நாலு விரலைக் காட்டுவார். ஒரு மனுஷனுக்கு உயிர் கொடுத்ததற்குக் கிடைத்த மரியாதை அது. இரண்டாம் தடவை நான் விஷப்பரீட்சை செய்யவில்லை. கப்பல் பாட்டையே ஏற்றினேன்.

ஏன் புது நாலு செய்யவில்லை என்று கேட்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். செய்தார்கள். கோவிந்த ஆசாரி, பாவம், ஒரே மத்தியானத்தில் அச்சாக ஒரு நாலு செய்து கொண்டுவந்து கொடுத்தார். நான்தான் எழுந்து கேட்டேன், பழைய நாலு துரை ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்த நாலு, இது யார் செய்த நாலு என்று. கொள்கை என்று ஒன்று வேண்டாமா? உடனே 'நாலு உபகமிட்டி' என்று ஒன்றை அமைத்தார்கள். நான் காரியதரிசி. பதினோரு வருஷம் கூடினோம். முடிவு எடுக்க நாலு பேர் வேண்டும் என்று நானே விதி எழுதினேன், அங்கத்தினர் மூன்று பேர். ஆசாரியின் நாலு என் வீட்டில்தான் இருக்கிறது, ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக. நல்ல வேலைப்பாடு.

சீமைக்கும் கடிதம் போட்டோம், துரையின் ஆட்களிடம் மிச்சத் தகரம் இருந்தால் அனுப்புங்கள் என்று. எனக்குத்தான் இங்கிலீஷ் வரும், நான் எழுதினேன். தபாலில் போடவும் நானே போனேன். ஒன்பது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. வெள்ளைக்காரன் போனபிறகு மரியாதையும் போய்விட்டது.

இப்போது சொல்லுங்கள். ஒரு மனுஷன் இதற்கு மேல் என்ன செய்வான்? ஐம்பத்திரண்டு வருஷம் இந்த ஊரில் ஒரு கல்யாணம் நடக்கவில்லை. எல்லாம் தென்பாதியில். நானும் பண்ணிக்கொள்ளவில்லை. லுத்தரன் கோயிலில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

வியாழக்கிழமை தென்பாதிக்கே போகட்டுமே. பெண்ணுடைய பாட்டிக்கு அங்கேதானே நடந்தது? ராசியான இடம். தொர்க்காளும் எலியேசரும் ஐம்பது வருஷம் நன்றாகத்தான் இருந்தார்கள், போன வருஷம் அவர் காலமானார் என்று கேள்விப்பட்டேன். இங்கே நின்றுகொண்டே ஒரு ஜெபம் பண்ணினேன். கப்பல் பாட்டையும் பாடினேன், தனியாக.

என்ன சொன்னீர்கள்?

தொர்க்காளேதான் கேட்டாளா, இங்கே நடக்க வேண்டுமென்று? எழுபத்து நாலு வயசில், முட்டிவலியோடு, அவளே ஹார்மோனியம் வாசிக்கப் போகிறாளா?

அவளுக்கென்ன, வாசித்த பாட்டுதானே. ஊரில் எத்தனை பேர் கல்யாணத்துக்கு வாசித்திருக்கிறாள் அந்தக் காலத்தில். தன் கல்யாணத்தில் லுத்தரன்காரர்கள் பாடும்போது கேட்டும் இருப்பாள்.

பாடவில்லையா?

அவர்கள் புத்தகத்தில் அந்தப் பாட்டே இல்லையா. வேறு ஏதோ பாடினார்களா. அவளுக்குத் தெரியாத பாட்டு, வாயசைத்துக்கொண்டு நின்றாளா. இதை உங்களிடம் அவளே சொன்னாளா?

அது எப்படி இல்லாமல் போகும்? எல்லா இடத்திலும் பாடுகிற பாட்டாயிற்றே. நம்பர் வேறாக இருக்கும், பாட்டு அதே பாட்டாக இருக்கும் என்றுதான் அது நினைத்தது. காக்கா. இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்தது. ஊருக்கெல்லாம் வாசித்தவளுக்கு ஒருவரும் பாடவில்லையா.

'இது வாசிக்கிற நாள்ல வாசிச்சுக்கலாம்' என்று புத்தகத்தை மூடினாளே.

டீயைக் குடியுங்கள். ஆறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் இருமல்.

வேறு ஏதாவது சொல்லி அனுப்பினாளா? பரவாயில்லை, அப்படியே சொல்லுங்கள். அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.

'காக்கா இன்னும் உயிரோட இருக்கான்னு மாசிலாமணி அண்ணனைக் கேளுங்க.'

இதைத்தான் சொன்னாளா? சிரித்துக்கொண்டு சொன்னாளா, சிரிக்காமலா? சிரித்துக்கொண்டு. சரி.

ஆயரம்மா, அந்த அலமாரியின் மேல்தட்டில் பஞ்சு டப்பா ஒன்று இருக்கிறது பாருங்கள், ஆஸ்பத்திரி டப்பா, சிவப்புச் சிலுவை போட்டது. உங்களுக்கு எட்டும். இந்த மூன்று கால் நாற்காலிமேல் ஏறாதீர்கள். அப்படியே இங்கே கொடுங்கள். திறக்க வேண்டாம், நான் திறக்கிறேன்.

ஒரு அதிசயம் சொல்ல மறந்துவிட்டேன். நேற்று சாயங்காலம் அந்தக் காக்கா வந்தது. அதேதான். தலை நரைத்திருந்தது. இந்த ஜன்னலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், பிறகு வாயில் இருந்ததை வைத்துவிட்டுப் போய்விட்டது. எப்படிச் சுத்தமாக வைத்திருக்கிறது பாருங்கள். துரு கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கும் போல.

பிடியுங்கள். ஒன்று. இரண்டு.

வேண்டாம், கொடுங்கள், நானே வந்து ஏற்றுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் நாலரைக்கு. அவள் வாசித்துப் பார்க்க வருவாள் இல்லையா, அந்த நேரத்துக்கு. கமிட்டியில் இருந்து ஒருவரை ஏணி பிடிக்க மட்டும் அனுப்புங்கள். ஏறிவிட்டால் நான் நின்றுகொள்வேன்.

கல்யாணம் முடிந்ததும் இரண்டையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள். டிசம்பர் வருகிறது. அவரும் ஐம்பத்திரண்டு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறார், இந்தத் தடவையாவது பிறக்கட்டும்.

மூன்றாவதா?

நீங்களும் எண்ணிக்கொண்டேதான் இருந்தீர்களா. கல்யாணப் பாட்டுக்கு இரண்டு போதும் ஆயரம்மா. மூன்றாவது காக்காவிடம் இருக்கிறது. அதற்கும் வயசாகிவிட்டது, எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் தாங்காது.